தோட்டா நிரப்பும் இயந்திரம் நமக்கு வேண்டாம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. ஆயினும் மதில்களுக்கு நடுவே இன்னமும் நெல்லும் வேர்க்கடலையும் விளைந்துகொண்டுதான் இருக்கின்றன. கையகப்படுத்தியும் கட்டடம் எழும்பாத மனைகளில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. காட்டுப்பன்றிக்கு அதைவிட வசதியான இடம் ஏது? நவரைப் பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், ஓர் இரவில் அரை ஏக்கர் சேறாகிவிடும்.

அண்மையில் அப்பகுதி விவசாயி ஒருவர் கேட்டார்: "அப்பா காலத்து ரைபிள் ஒன்று இருக்கிறது. உரிமத்தை என் பேருக்கு மாற்றிவிட்டேன். தோட்டா விலைதான் கட்டுப்படியாகவில்லை. மகன் கார் உதிரிபாகம் அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறான். சுட்ட தோட்டாவை வீட்டிலேயே திரும்ப நிரப்ப ஒரு பிரஸ் செய்து தருகிறேன் என்கிறான். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு செய்கிறார்களாமே, நாமும் செய்யலாமா ஐயா?"

அவருடைய கஷ்டம் நியாயமானது. ஆனால் வழி தவறானது.

அந்த இயந்திரம் 'புரோகிரசிவ் பிரஸ்' எனப்படுவது. பிரஸ் ஷாப்பில் ஒரு அடிக்குத் தகடு ஒரு கட்டம் நகர்வதுபோல, இதில் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் தட்டு ஒரு கட்டம் சுழலும். ஒரு கட்டத்தில் பழைய கேப் கழன்று பித்தளைக் கூடு அளவுக்கு வரும். அடுத்தடுத்த கட்டங்களில் புதுக் கேப், மருந்து, குண்டு என்று ஏறும். அமெரிக்காவில் குறி சுடும் பழக்கம் உள்ளவர்கள் பலர் இதை வைத்திருப்பது உண்மையே. அங்கே கூடும் கேப்பும் மருந்தும் கடையில் கிடைக்கின்றன; சட்டமும் இடம் தருகிறது.

நம் நாட்டுச் சட்டம் வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் அதற்குச் செல்லாது. அதைவிட முக்கியமான ஒன்று: தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரமும்கூட அச்சட்டத்தின் விளக்கப்படி 'தோட்டா' என்றே கொள்ளப்படும். ஆகவே ஒரு குண்டுகூட நிரப்பாமல் பிரஸ்ஸைச் செய்து வைத்தாலும் வழக்கு வரும். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரிப்பவருக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம். பன்றி தின்றது ஒரு போகம். இது பிள்ளையின் வாழ்க்கையையே தின்றுவிடும்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஆபத்து குறையவில்லை. மருந்தை 'கிரெயின்' கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். ஏறக்குறைய மூன்று நெல்மணியின் எடை. ஒரு கூட்டில் மருந்து இருமுறை விழுந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்தே விழாவிட்டால் கேப்பின் வேகத்தில் குண்டு குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். தகடு கோணலானால் குப்பைக் கூடையில் போடலாம். தோட்டா கோணலானால் கண்ணும் விரலும் போகும்.

மேலும், ரைபிள் குண்டு குறி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். ஒரகடத்தில் எந்த வயலுக்கு அப்பால் ஒரு கிலோமீட்டர் ஆளில்லாமல் இருக்கிறது? இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பயிர்க் காவலுக்கென்று சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்பைக் காரணம் காட்டி உரிமம் கேட்க இடமளிக்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால், மரையில்லாத குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கும் தரலாம். ஆனால் இந்த உரிமம் பன்றியைக் கொல்வதற்கான அனுமதி ஆகாது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறையின் உத்தரவு இல்லாமல் கொல்லக் கூடாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடுவதில்லை; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது; அதற்கும் அப்பால் வனத்துறையினரே சுடுவது. ஆகவே உங்கள் வயல் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனவரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேதமான அன்றே படம் எடுத்து, ஊரார் கையொப்பத்துடன் மனு கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் தனி ஆளாகப் போகாமல் ஊராகப் போங்கள்.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கதிர் நிற்கும்போது வராமல் அறுவடைக்குப் பிறகு வரும் துப்பாக்கியால் யாருக்கும் பயனில்லை. மனு கொடுத்த ஒரு வாரத்துக்குள் ஆள் வர வேண்டும். தொழிற்பேட்டையின் காலி மனைகளில் மண்டிய கருவேலத்தை ஆண்டுதோறும் அகற்றும் பொறுப்பை மனைக்கு உரியவர்கள்மேல் சுமத்த வேண்டும். இவை நடக்காத ஊரில்தான் விவசாயி அவுட்டுக்காயையும் திருட்டு மின்வேலியையும் நாடுகிறான். 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது.

கேட்ட பெரியவருக்கு என் பதில் இதுதான்: மகனின் கைத்திறமை பெரிய சொத்து. வரப்போரம் ஒரு நல்ல சூரிய மின்வேலி அமைத்துத் தரச் சொல்லுங்கள். தோட்டா பிரஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.