பெயரை அவனிடமே கேளுங்கள்

காரமடைக் கடைவீதியில் ஒரு தாய் தன் பத்து வயது மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளி வருகிறாள். கடைக்காரர் சிறுவனைக் குனிந்து பார்க்கிறார், பின் நிமிர்ந்து தாயிடம், "பையன் பேரு என்னங்க அம்மிணி?" என்று கேட்கிறார். சிறுவனின் உதடுகள் அசையத் தொடங்கிவிட்டன. அவனுக்கு அரை நிமிடம் வேண்டும். அதற்குள் தாய் சொல்லிவிடுகிறாள். கடைக்காரர் ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து, காசு வாங்காமல், அவன் மடியில் வைக்கிறார். எல்லாருக்கும் மனநிறைவு, அவனைத் தவிர.

இதற்கு நாம் இட்ட பெயர் இரக்கம். இந்த இரக்கத்தின் மீதே என் வழக்கு.

மூளை முடக்குவாதம் தொற்றுநோயன்று. பெற்றோரின் பாவத்துக்குக் கிடைத்த கூலியுமன்று. பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு நேரும் சேதம் தசைகளின் மீதான ஆளுகையைக் குலைக்கிறது. 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 2 அல்லது 3 பேருக்கு இது நேர்கிறது. நாக்கு இசையாததால் சொல் தாமதமாகிறது, எச்சில் வழிகிறது. உடனே அறிவில்லை என்று முடிவு கட்டுகிறோம். பலருக்கு அறிவில் குறையேதுமில்லை, சிலருக்கு உண்டு. இரு சாராருமே வணக்கம் சொல்லவும், தம் முறைக்குக் காத்திருக்கவும், வேண்டாமென்று மறுக்கவும், மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கவும் கற்க வேண்டியவர்களே.

இவற்றைப் பயிற்சியறையில் தொடங்கலாம், முடிக்க இயலாது. அங்கே பயிற்சியாளர் கடைக்காரராக நடிப்பார், குழந்தை காசை நீட்டும். உண்மையான கடைக்காரர் அந்தக் காசை வாங்க மறுத்தால்? படப்பலகையில் விரல் வைத்துக் கேட்கக் கற்ற பிள்ளைக்கு, அந்தப் பலகையைப் பார்க்க எதிரே ஓர் ஆள் வேண்டாமா? பூனம் நடராஜன் 1985-இல் சென்னையில் தொடங்கிய, இன்று வித்யாசாகர் எனப்படும் நிறுவனம், இப்பிள்ளைகளைப் பொதுப்பள்ளிகளில் சேர்க்க முனைந்ததன் பொருளும் இதுவே.

பழக இடந்தராவிட்டால் என்ன நேரும்? 2012-இல் கொல்கத்தாவில், இவ்வாதம் உள்ள ஜீஜா கோஷ் என்னும் கல்வியாளர், விமானத்தில் அமர்ந்த பின் இறக்கிவிடப்பட்டார். 2016-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அந்த விமானத்தில் மனிதரோடு பழகத் தெரியாதவர் யார்?

எரிகோவின் வழியோரத்தில் பர்த்திமேயுவுக்கு என்ன வேண்டுமென்று ஆண்டவர் கூட்டத்தாரிடம் விசாரிக்கவில்லை. அவனிடமே கேட்டார். பார்வையற்றவனுக்கு வேண்டியது இன்னதென்று எவருக்கும் தெரியும், ஆயினும் கேட்டார். கூட்டமோ அதற்கு முன்பே அவன் வாயை அடக்கப் பார்த்தது.

நம் பங்குகளில் டிசம்பர் 3 வந்தால் இனிப்பும் சால்வையும் புகைப்படமும் உண்டு. அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு மாடியில்! அன்பியக் கூட்டம் அந்த வீட்டின் முறை வரும்போது, "பாவம், அவங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று அடுத்த வீட்டுக்குத் தாவிவிடுகிறது. ஊனமுற்றோருக்கும் இயன்ற அளவு மறைக்கல்வி கிடைக்கச் செய்வதை 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 777) பங்குத்தந்தையின் கடமையாகவே வைத்திருக்கிறது. சலுகையாக அன்று.

பிள்ளையைக் கேலி செய்வார்களே என்று அஞ்சும் தாயின் அச்சம் பொய்யன்று. ஆனால் கேலி செய்யும் சிறுவனும் நம் வகுப்பில்தானே படிக்கிறான்? இருவரும் ஒரே பெஞ்சருகே இருந்தால் இரண்டு மாதத்தில் சண்டை போடுவார்கள், சமாதானமாவார்கள். அந்தச் சண்டையைக்கூட நாம் இவனுக்குத் தரவில்லை.

வகுப்பை மாடியிலிருந்து கீழே இறக்க, நான்கு இளைஞர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் போதும்.