வகுப்புக் குழுவும் வசைமொழியும்

காலை வேளையில் நவி மும்பையின் சான்பாடா நிலையத்தில் ஹார்பர் லைன் ரயிலுக்குக் காத்து நிற்கும் கல்லூரி மாணவர்களுள் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. வாஷிப் பாலத்தையும் செம்பூரையும் ரயில் கடக்கும்வரை அவர்கள் கைப்பேசியிலிருந்து தலைநிமிராததைக் கண்டு அலுத்துக்கொள்ளும் பெரியவர்கள், அன்றைய பாடக்குறிப்பும் பரீட்சை அட்டவணையும் வந்து சேர்கின்ற அதே வாட்ஸ்அப் குழுவில்தான் ஒருவனுடைய ஹிந்தி உச்சரிப்பையும் இன்னொருத்தியின் நிறத்தையும் பரிகசிக்கும் படங்களும் வந்து விழுகின்றன என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை.

அவமானத்துக்கு அஞ்சிக் குழுவைவிட்டு விலகும் மாணவன் பாடத்தையும்விட்டு விலகியவனாகிறான். விலகாதவனோ, புத்தகத்தை விரித்த கணமே அடுத்த பரிகாசம் என்னவோ என்ற பீதியால் சித்தம் ஒருமைப்படாமல் தவிக்கிறான். வகுப்புக்குப் போகக் கூசுவதால் வருகைப்பதிவு குறைகிறது, மதிப்பெண்ணும் சரிகிறது. உடனே, 'எல்லாம் இந்தப் போனால் வந்த வினை' என்று தந்தை அதைப் பிடுங்கி வைக்கிறார். வதைத்தவன் கையில் போன் இருக்க, வதைபட்டவன் கையிலிருந்து அது பறிபோகிறது. கூடவே சாட்சியமும் போய்விடுகிறது.

இத்தகைய வதையைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கின்போது கொலையுண்டது தமிழகத்தை உலுக்க, மறு ஆண்டே அங்கே ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. மகாராஷ்டிரம் 1999-இல் இயற்றிய சட்டமோ, கல்விநிலையத்தின் உள்ளே நிகழ்வதோடு வெளியே நிகழும் ராகிங்கையும் தடுக்கிறது. தேகத்துக்கு மட்டுமன்றி மனத்துக்கு விளையும் தீங்கையும், மாணவனுக்கு நேரும் அவமானத்தையும்கூடக் கணக்கில் கொள்கிறது. புகார் கிடைத்த 7 தினங்களுக்குள் கல்லூரித் தலைவர் விசாரிக்க வேண்டுமென விதிக்கிறது. குற்றத்துக்கு 2 ஆண்டுவரை சிறையும் உண்டு. இளைய மாணவரைத் துன்புறுத்த மூத்தவர் அமைக்கும் வாட்ஸ்அப் குழுக்களையும் ராகிங்காகக் கருதவேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் அறிவுறுத்தியுள்ளது. ஆகவே, 'போனில் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்வது?' என்று கைவிரிக்கும் நிர்வாகத்தின் சமாதானம் செல்லாது.

ஆயினும், சட்டத்தை எடுத்த எடுப்பில் வீசுவதிலும் அபாயம் உண்டு. 2012-இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக இரு இளம்பெண்கள் கைதானதையும், அதற்கு ஆதாரமாயிருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததையும் இப்பிரதேசத்தார் மறந்திருக்கமாட்டார்கள். சிறைக்கு முன்னே செய்யக்கூடிய சுலபமான காரியம் ஒன்று உண்டு: பாடமும் அறிவிப்பும் ஆசிரியர் மட்டுமே எழுதக்கூடிய தனிக் குழுவில் வரட்டும், அரட்டைக் குழுவைவிட்டு விலகுகிற பிள்ளை அதனால் ஒரு பாடத்தையும் இழக்கவேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் மதிப்பெண் திடீரென்று சரிந்தால், போனைப் பிடுங்காதீர்கள். அருகில் அமர்ந்து, அதில் வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, கல்லூரித் தலைவரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். கொடுத்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 7 தினங்கள் என்பது சட்டத்தின் கணக்கு.