சுண்டுவிரலின் பொறுப்பு

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கேள்வி எழுகின்றது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்த பிள்ளை, முடிவு வரும்வரை வீட்டில் வீணே இருப்பானேன்? தட்டச்சுப் பயில அனுப்பலாமே என்று பெற்றோர் முடிவு செய்கின்றனர். நல்ல முடிவே. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் இளநிலை, முதுநிலை என்பன முக்கியமான படிகள். மக்கள் நாவில் அவை லோயர், ஹையர். அரசுப் பணியாளர் தேர்வாணையம் தட்டச்சர் பணிக்கு இச்சான்றிதழ்களைக் கேட்கின்றது. திருமானூர் போன்ற கொள்ளிடக் கரை ஊர்களில், உழவையே நம்பி வாழும் குடும்பத்தில் ஒரு பிள்ளை மாதச் சம்பளத்திற்குப் போவது எத்துணை ஆறுதல் என்பதை நாம் அறிவோம்.

ஆயினும், பயிலகத்திலிருந்து திரும்பும் பிள்ளையிடம் எல்லாரும் கேட்பது, "நிமிடத்திற்கு எத்தனை சொல் அடிக்கிறாய்?" என்பதே. "அடித்ததைத் திரும்பப் படித்துப் பார்த்தாயா?" என்று கேட்பார் அரியர். இந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியே இம்மாதம் சிந்திக்க விழைகின்றோம்.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்கள். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளுக்குள் அடக்குவது எளிதான செயலன்று. பதினெட்டு மெய்யெழுத்துகளுக்கும் தனித்தனி அச்சு வைக்க இடம் ஏது? ஆகவே புள்ளிக்கென ஒரு விசை அமைந்தது. அதனைத் தட்டினால் தாளில் புள்ளி பதியும். தாளை ஏந்திய உருளை மட்டும் நகராது. இதற்கு நகரா விசை என்று பெயர். 'க்' என்று அடிக்க வேண்டுமாயின் புள்ளியை முதலிலும் ககரத்தைப் பின்னரும் தட்ட வேண்டும். கையால் எழுதும் பழக்கத்தில் எழுத்தை முந்தித் தட்டினால், புள்ளி அடுத்த எழுத்தின் தலைமேல் சென்று அமரும்.

தட்டச்சுப் பொறியின் நடுவரிசையில் இடக்கை விரல்கள் ய, ள, ன, க என்னும் விசைகளின்மேல் தங்கும். வலக்கை விரல்கள் த, ம, ட என்பவற்றின்மேலும் புள்ளியின்மேலும் தங்கும். தமிழில் ஓயாது வருகின்ற அந்தப் புள்ளி எந்த விரலின் பொறுப்பு? வலிமை குறைந்த சுண்டுவிரலின் பொறுப்பு! பழகாத கையில் ஆள்காட்டி விரல் குறுக்கே பாய்ந்து அதன் வேலையைப் பறித்துக்கொள்ளப் பார்க்கும். அதற்கு இடங்கொடுத்தால் கை தன் நிலையை இழக்கும், பிழைகள் பெருகும். முதுகு நிமிர்ந்து, பாதங்கள் தரையில் படிந்து, முழங்கைகள் உடலை ஒட்டி, மணிக்கட்டு தொய்யாமல் இருக்க வேண்டும். கண்கள் மூலப்படியின்மேலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு தட்டலும் ஒரே சீராக விழ வேண்டும். வேகம் பின்னர்த் தானே வந்து சேரும்.

விசைகளைப் பாராமல் அடிப்பதன் மேன்மையை உலகறியச் செய்தவர் பிராங்க் மெக்கரின் என்னும் அமெரிக்கர். நீதிமன்றச் சுருக்கெழுத்தரான இவர், விசைப்பலகை முழுவதையும் மனத்தில் பதித்துக்கொண்டவர். 1888 ஜூலை 25 அன்று சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியில், விசைகளைப் பார்த்து அடித்த எதிராளியை இவர் வென்றார். கண் விசைக்கும் தாளுக்கும் இடையே அலையாதபடியால், அது மூலப்படியை விட்டு விலகவில்லை. வேகத்திற்கு மட்டுமன்று, பிழையின்மைக்கும் அதுவே வழி.

சிறு குறி ஒன்று எத்துணைப் பெரிது என்பதை நம் பகுதி மக்களுக்கு நினைவூட்ட வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. திருமானூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தொண்டாற்றியவர் வீரமாமுனிவர். அவர் காலத்து ஓலைச்சுவடிகளில் எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டும் புள்ளியை இடாமல் விடுவது வழக்கம். எழுத்தாணியின் முனை ஓலையைக் கிழித்துவிடும் என்ற அச்சமே காரணம். எழுதப்பட்டிருப்பது எரியா, ஏரியா? கொடியா, கோடியா? முன்பின் சொற்களைக் கொண்டே ஊகிக்க வேண்டும். நெருப்புக்கும் நீருக்கும் வேறுபாடு தெரியாத இந்த இடர்ப்பாட்டை நீக்க, நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார் முனிவர். இன்று நாம் எழுதும் ஏகாரமும் ஓகாரமும் அவர் தந்த கொடை. படிப்பவன் ஊகித்துக்கொள்ளட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. எழுதுகின்றவனே தெளிவுக்குப் பொறுப்பு என்பதே அவர் கொண்ட கொள்கை எனலாம்.

அப்பொறுப்பின் மறுபெயரே பிழைதிருத்தம். அடித்தவுடன் படித்தால் கண் ஏமாற்றும். இருக்க வேண்டியதைத்தான் அது காணும், இருப்பதைக் காணாது. ஆகவே சற்று நேரம் கழித்துப் படிக்க வேண்டும். அளவுகோலை வரியின்கீழ் வைத்து, வரிவரியாக இறங்க வேண்டும். ஒருவர் மூலப்படியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் அடித்த படியைச் சரிபார்ப்பது இன்னும் சிறப்பு. ண, ன, ல, ள, ழ, ர, ற ஆகியவற்றை ஒருமுறையும், ஒற்றுகளை ஒருமுறையும், பெயர், தேதி, எண்களைத் தனியே ஒருமுறையும் பார்ப்பது நன்று.

கணினி வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் ககரத்தை இருமுறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானே விழும். நல்ல வசதிதான். ஆனால் 'மனம்' என்பதற்கு 'மணம்' என்றும், 'களை' என்பதற்குக் 'கலை' என்றும் அடித்தால் கணினி பெரும்பாலும் மறுப்புச் சொல்லாது. இரண்டும் தமிழ்ச் சொற்களே அல்லவா? பழைய பொறியில் பிழையைத் திருத்த ஒவ்வொரு கார்பன் படியிலும் அழிக்க வேண்டியிருந்தது; அந்தத் தொல்லையே கவனத்தைக் கற்பித்தது. இன்று அழிப்பது எளிது. எனவே கவனத்தை நாமே வருந்திக் கற்க வேண்டும்.

இது வெறும் அலுவலகத் திறமை அன்று. பிறப்புச் சான்றில் தந்தை பெயரில் ஓரெழுத்து மாறினால், பட்டாவில் புல எண் ஒன்று பிறழ்ந்தால், திருமுழுக்குப் பதிவேட்டுப் படியில் ஆண்டு தவறினால், துன்புறுவது அடித்தவர் அல்லர். எழுதப் படிக்க அறியாத ஒரு மூதாட்டி, கூலி வேலையை விட்டு, பேருந்துக்குக் காசு கொடுத்து, அலுவலகம் அலுவலகமாக அலைவார். ஓய்வூதியமோ உதவித்தொகையோ அந்த ஓரெழுத்திற்காகக் காத்துக் கிடக்கும். தட்டச்சர் அவர் முகத்தைக் கண்டிருக்கவும் மாட்டார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளைத் தட்டச்சுக்கு அனுப்புங்கள். வீடு திரும்பியதும் அவர்கள் அடித்த தாளை வாங்கி, அவர்களோடு அமர்ந்து ஒருமுறை படியுங்கள். உங்களுக்குப் படிக்க வராதாயின் அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். காணாத ஒருவருக்காகக் கவனத்தோடு உழைப்பதும் பிறரன்பே என்பதை அவர்கள் அவ்வாறே கற்றுக்கொள்வர்.