‘அசைந்தது’ வேறு, ‘அசையும்’ வேறு

பெங்களூரில் ஒளிப்படம் பயிலும் நண்பர்களிடம் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு ஒன்று உண்டு: காட்டை மல்டிபிள் எக்ஸ்போஷரில் எடுப்பது பொய், ஒரே சொடுக்கில் எடுத்ததே மெய். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன்.

முதலில் நடைமுறை. ஒரே சட்டகத்தில் நான்கு முறை ஒளியைச் சேர்ப்பதானால், ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்டாப் குறைத்தாக வேண்டும். எட்டு முறையெனில் மூன்று. இலைகளுக்கிடையே வானம் வெளுத்த இடத்தில் அடுத்த பதிவு துலங்காது. இருண்ட அடிமரத்தின் மீதே படியும். ஹாரி கலஹன் 1940களிலேயே மரங்களை இவ்வாறு பதித்தார். காட்டின் ஒளியை அறியாதவருக்கு இது கைவராது.

பல பதிவுகள் சேர்வதே குற்றமா? பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபியாப்பின் இயற்கைப் பிரிவு விதிகள், படக்கூறுகளைச் சேர்ப்பதையும் இடம் மாற்றுவதையும் தடுக்கின்றன; ஆனால் ஃபோகஸ் ஸ்டாக்கிங்கை ஏற்கின்றன. அதுவும் பல பதிவுகளின் கூட்டே. ஆகவே எண்ணிக்கையைக் கொண்டு மெய்யை அளக்க இயலாது. படம் எதைச் சொல்வதாக முன்வைக்கப்படுகிறது என்றே கேட்க வேண்டும்.

தமிழ் வினை இதைத் தெளிவாக்கும். ‘கிளை அசைந்தது’ என்பது ஒரு நிகழ்வு. ‘காற்றில் கிளை அசையும்’ என்பது எதிர்காலம் மட்டுமன்று, இயல்பையும் குறிக்கும். பின்னதைப் பொய் என்பார் எவருமிலர். இந்நகரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாளின் பறவைப் படங்கள் முதல் வகை வாக்கியங்கள். அவற்றின் மேன்மையை நான் குறைக்கவில்லை. மல்டிபிள் எக்ஸ்போஷர் இரண்டாம் வகை.

ஆயினும் இரண்டாம் வகை வாக்கியம் சாட்சி சொல்லாது. துரஹள்ளிக் காட்டைப் பூங்காவாக்கும் திட்டத்தை 2021இல் இந்நகர மக்கள் எதிர்த்தனர். அத்தகைய வழக்கில் எந்த மரம் எங்கே நின்றது என்று காட்ட ‘நின்றது’ எனும் படமே வேண்டும். அங்கே அடுக்குப் படத்தை ஆவணமாக நீட்டுபவர் காட்டுக்கே துரோகம் செய்கிறார். அவர் பிடிபடும் நாளில் மெய்யான படங்களும் நம்பிக்கை இழக்கும்.

‘அசையும்’ என்பதை ‘அசைந்தது’ என்று காட்டும்போதுதான் பொய் பிறக்கிறது. எனவே படமெடுப்போர் எடுத்த முறையைக் கீழே ஒரு வரியில் எழுதுங்கள். அவ்வாறு எழுதியவரைப் பொய்யர் என்று அழைப்பதை மற்றவர்கள் நிறுத்துங்கள்.