பொட்டலத்தைப் பிரித்துக் கொடுங்கள்!

'எஃப் ஷார்ப்' மொழி கற்கும் பிள்ளைகள் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 2024, 1, 15 என்ற மூன்று எண்களை அடைப்புக்குறிக்குள் நேராக எழுதி 'டேட்டைம்' கன்ஸ்ட்ரக்டரிடம் கொடுத்தால், பொங்கல் தேதி தயார். அதே மூன்றையும் முன்கூட்டியே ஒரு 'டியூப்பிள்' ஆகக் கட்டி, 'நாள்' என்று பெயர் வைத்து, அந்தப் பெயரை மட்டும் கொடுத்தால்? சிவப்புக் கோடுதான்!

எண்கள் சரி, வரிசையும் சரி. பிறகு என்ன கோளாறு?

டேட்டைமுக்கு ஒரே பெயரில் பல கன்ஸ்ட்ரக்டர்கள் இருக்கின்றன. இதுதான் 'ஓவர்லோடிங்'. எதை அழைப்பது என்று தீர்மானிக்க, நாம் எத்தனை மதிப்புகளை எழுதியிருக்கிறோம் என்று கம்பைலர் பார்க்கிறது. 'நாள்' என்பது அதன் கணக்கில் ஒன்றே ஒன்று. ஒற்றை மதிப்பு வாங்கும் கன்ஸ்ட்ரக்டரோ 'டிக்' எண்ணிக்கையைக் கேட்கும். ஒரு நொடிக்கு 1 கோடி டிக். எண்ணைக் கேட்கும் இடத்தில் பொட்டலத்தை நீட்டினால் வாங்குமா?

பல கன்ஸ்ட்ரக்டர்கள் இல்லாமல், மூன்று மதிப்பு வாங்கும் ஒன்று மட்டும் இருந்தால், கம்பைலரே பொட்டலத்தைப் பிரித்துக்கொள்ளும். குழப்பத்துக்கு அங்கே இடமில்லை.

தீர்வு ஒரு வரிதான். டியூப்பிளை ஆண்டு, மாதம், தேதி என மூன்று பெயர்களாகப் பிரித்துவிட்டு, அந்த மூன்றையும் கொடுங்கள். அடிக்கடி தேவைப்பட்டால், பிரித்துக் கொடுக்கும் வேலையை ஒரு குட்டி ஃபங்ஷனாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் 'நமக்கு இது வராது' என்று மூடிவைக்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: தவறு கணக்கில் இல்லை, கொடுத்த விதத்தில்தான்!