பல்சக்கரத்தின் வரவு செலவு



பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுள் பெற்றோரைத் திகைக்க வைப்பவை சில உண்டு. சொந்த உழைப்பில் பழைய கார் ஒன்றையோ மோட்டார் சைக்கிளையோ வாங்கிய மகன், "இதன் பல்சக்கரத்தை மாற்றினால் வண்டி இன்னும் சீறிக்கொண்டு கிளம்பும், மாற்றட்டுமா, அப்பா?" என்று கேட்கிறான். தந்தை "வேண்டாம்" என்கிறார். "ஏன் வேண்டாம்?" என்று மகன் மறுபடியும் கேட்க, விடை கூற இயலாத தந்தை குரலை உயர்த்துகிறார். மகன் வாய்மூடி மௌனமாகிறான்; அடுத்த வாரமே பட்டறைக்குச் சென்று மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறான். காரணம் கூறாத தடை இளைஞரைத் தடுப்பது அரிது. ஆகவே இம்மாதம் இந்தப் பல்சக்கரத்தின் கணக்கைச் சற்றே பொறுமையுடன் பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ பேருந்தில் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் கீழ்க் கியருக்கு மாற்றியதும் எஞ்சின் அலறுகிறது. வண்டியோ மெல்ல ஊர்கிறது. ஆயினும் அந்த மெதுவான நகர்விலேதான் அத்தனை மனிதரையும் மூட்டை முடிச்சுகளையும் மலைமேல் தூக்கிச் செல்லும் வலிமை இருக்கிறது. எஞ்சின் பலமுறை சுழலச் சக்கரம் ஒருமுறை சுழல்கிறது. சுழற்சியில் குறைந்தது திருப்புவிசையில் கூடுகிறது. சமவெளிக்கு வந்து மேல் கியருக்கு மாற்றியதும் இக்கணக்கு தலைகீழாகிறது. வேகம் கூடி, இழுவை குறைகிறது. நூறு ரூபாய் நோட்டைச் சில்லறையாக மாற்றினால் பத்து ரூபாய்த் தாள்கள் பத்து கிடைக்கும், பதினொன்று கிடைக்குமா? கியரும் அவ்வாறே. எஞ்சின் தரும் திறனை அது வடிவம் மாற்றித் தருமேயன்றி, ஓர் அணுவளவும் கூட்டித் தராது.

பின்சக்கரங்களால் ஓடும் காரில் இந்த மாற்றம் இரண்டு இடங்களில் நிகழ்கிறது. முதலாவது, ஓட்டுநர் கையால் மாற்றும் கியர்ப் பெட்டி. இரண்டாவது, பின் அச்சின் நடுவே குடம் போலத் தோன்றும் பகுதி. அங்கே எஞ்சினிலிருந்து வரும் நீண்ட சுழல்தண்டின் முனையில் பினியன் என்னும் சிறிய பல்சக்கரமும், அதனோடு பொருந்திச் சுழலும் கிரவுன் வீல் என்னும் பெரிய பல்சக்கரமும் உள்ளன. கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவது இறுதி விகிதம். வண்டி எந்தக் கியரில் ஓடினாலும் அந்த எண்ணாலும் பெருக்கப்படுகிறது. ஆகையால் அதை மாற்றினால் எல்லாக் கியர்களும் ஒருங்கே மாறிவிடும். விரைவாகக் கிளம்ப விரும்புவோர் முதலில் இதன்மேல் கை வைப்பதற்குக் காரணம் இதுவே.

இதனை மிகப் பரவலாகச் செய்து பார்த்தவர்கள் அமெரிக்க இளைஞர்கள். அவர்களுக்குப் பிடித்தமான வண்டி, ஃபோர்டு நிறுவனம் விற்ற மஸ்டாங் கார். 1987 முதல் 1992 வரை, '5.0' என்னும் பெயர் தாங்கிய எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய மஸ்டாங் 225 குதிரைத்திறன் உடையது. ஐந்து கியர் கொண்ட வண்டிகள் பலவற்றில் இறுதி விகிதம் 2.73, அதாவது கிரவுன் வீலில் 41 பற்கள், பினியனில் 15 பற்கள். இத்துணை வலிய எஞ்சினுக்கு இவ்வளவு சாந்தமான விகிதம் எதற்கு என்று கேட்கலாம். 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, 1975-இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி, 1985-ஆம் ஆண்டு மாதிரிகளில் ஒரு காலனுக்கு 27.5 மைலை எட்ட வேண்டும். நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 11.7 கி.மீ. எஞ்சினை நெடுஞ்சாலையில் மெதுவாகச் சுழல விடுவது இச்சிக்கனத்துக்கு ஏற்ற வழி.

வண்டியை வாங்கிய இளைஞர் பலர் செய்த முதற்காரியம், அந்த 15 பல் பினியனையும் அதற்குரிய கிரவுன் வீலையும் கழற்றிவிட்டு, 41-க்கு 11 என்ற இணையைப் பூட்டியதே. விகிதம் 3.73 ஆயிற்று. 3.73-ஐ 2.73-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.37 வருகிறது. எந்தக் கியரிலும் சக்கரத்தைத் திருப்பும் விசை 37 விழுக்காடு கூடிவிட்டது! எஞ்சினில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. கேட்பதற்கு இனிய செய்திதான். இது வரவுப் பக்கம். இனிச் செலவுப் பக்கத்தைப் புரட்டுவோம்.

முதற்செலவு, கியர் மாற்றும் நேரம். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும் வரை முதல் கியரில் ஓட்டினால், பழைய விகிதத்தில் வண்டி மணிக்கு சுமார் 67 கி.மீ. வேகத்தை எட்டும், புதியதில் 49 கி.மீ. தான். இரண்டாம் கியரில் அதே சுழற்சிக்குப் பழைய விகிதம் 110 கி.மீ. வேகத்தைத் தாண்டும், புதியது 85-ஐ எட்டாது. ஆகவே நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகம் பெற, முன்பு ஒருமுறை கியர் மாற்றினால் போதும். இப்போது இருமுறை மாற்ற வேண்டும். கிளட்ச் மிதிக்கப்பட்டிருக்கும் அந்தச் சிறு இடைவேளையில் சக்கரத்துக்கு விசையே செல்வதில்லை. எனவே, விசை 37 விழுக்காடு கூடியதால் நேரமும் அதே அளவு குறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு.

இரண்டாவது செலவு நெடுஞ்சாலையில் வருகிறது. மேல் கியரில் 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, முன்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,500 முறை சுழன்ற எஞ்சின் இப்போது ஏறக்குறைய 2,070 முறை சுழல்கிறது. இரைச்சல் கூடுகிறது; பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. இவ்வண்டியின் ஐந்தாம் கியர் 0.68 என்ற மிகத் தளர்ந்த விகிதம் உடையதாகையால் இந்த இழப்பு தாங்கத்தக்கதாயிற்று. அத்தகைய மேல் கியர் இல்லாத வண்டியில் இதையே செய்தால், நெடும்பயணம் காதுக்கும் பணப்பைக்கும் தண்டனையாகிவிடும்.

மூன்றாவது செலவை வேகமானி காட்டும், அல்லது மறைக்கும். இவ்வண்டியில் வேகமானியை இயக்கும் கம்பி கியர்ப் பெட்டியின் பின்முனையிலிருந்து செல்கிறது. அதற்குரிய சிறிய பல்சக்கரத்தையும் மாற்றாவிட்டால், வண்டி 100-இல் ஓடும்போது முள் 137-ஐக் காட்டும். ஓடிய தூரமும் அவ்வாறே மிகுத்துப் பதிவாகும். பிற்காலத்தில் அவ்வண்டியை வாங்குபவர் பொய்க் கணக்கையே காண்பார்.

நான்காவது, வேலையின் நுட்பம். கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று பொருந்தும் ஆழத்தையும், பற்களுக்கிடையே விடவேண்டிய சிறு இடைவெளியையும் மில்லிமீட்டரின் பின்னங்களில் அளந்து, மெல்லிய தகடுகள் வைத்துச் சரிசெய்ய வேண்டும். பற்களின்மேல் வண்ணக் குழம்பைத் தடவிச் சுழற்றி, அது பதியும் இடத்தைக் கண்டு தேர்ந்த தொழிலாளி நிறைவு கொள்வார். அந்தப் பொறுமை இல்லாதவர் கையில் விட்டால், வண்டி ஊளையிடத் தொடங்கும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் பற்கள் தேய்ந்து போகவும் கூடும்.

ஐந்தாவதே தலையாயது. எஞ்சின் எவ்வளவு உந்தினாலும், சாலையைத் தொடுவது டயர் ஒன்றுதான். இவ்வண்டியின் எடை ஏறத்தாழ 1,450 கிலோகிராம். நிற்கும்போது அதில் பாதிக்கும் குறைவே பின்சக்கரங்களின்மேல் இருக்கிறது. கிளம்பும்போது சற்றுப் பின்னால் சாயும் எடையையும் சேர்த்துக்கொள்வோம். சாதாரண டயர் உலர்ந்த சாலையில் பற்றக்கூடிய விசை, அதன்மேல் உள்ள எடைக்கு ஏறத்தாழச் சமம் அல்லது சற்றுக் குறைவு. பழைய விகிதத்திலேயே, முதல் கியரில் முழு விசையும் கொடுத்தால், உராய்வில் இழப்பது போக 1,000 கிலோகிராம் எடைக்கு ஒப்பான உந்துதல் பின்சக்கரங்களுக்கு வருகிறது. அதையே அந்த டயரால் முழுமையாகத் தாங்க இயலாது. அதன்மேல் இன்னும் 37 விழுக்காடு ஏற்றினால் என்ன ஆகும்? சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புகையைக் கிளப்பும். மழை பெய்த சாலையிலோ, வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும். உலர்ந்த சாலையில் வீணாவது ரப்பர். ஈரச் சாலையில் வீணாவது உயிராகவும் இருக்கலாம்.

இதைக் கண்டவர்கள் மென்மையான பந்தய டயர்களை வாங்கினர். அவை சாலையை இறுகப் பற்றிக்கொண்டன. அப்போது, முன்பு டயர் வழுக்கியதால் வெளியேறிய அதிர்ச்சி, உள்ளே கியர்ப் பெட்டியையும் அச்சுத் தண்டுகளையும் தாக்கியது. அவ்வண்டியின் கியர்ப் பெட்டி இவ்வாறு உடைவது பந்தயக்காரர் நன்கறிந்த செய்தி. ஒன்றை வலுப்படுத்தினால் அதற்கடுத்தது முறிகிறது. அதையும் மாற்றினால் அதற்கும் அடுத்தது. ஒரு பல்சக்கரத்தின் விலையோடு முடியும் என்று தொடங்கியவர், தொடர்ந்து செலவழித்துக்கொண்டே இருக்கிறார்.

இத்தனை செலவுக்கிடையே பலர் மறந்தது ஒன்று உண்டு. அதுவே பிரேக். அந்த ஆண்டுகளில் வந்த சாதாரண 5.0 மஸ்டாங்கின் பின்சக்கரங்களில் பழைய டிரம் பிரேக்குகளே இருந்தன. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் என்பது எல்லா மஸ்டாங்குகளுக்கும் பொதுவானது 1994-ஆம் ஆண்டு மாதிரியில்தான். விரைவாகக் கிளம்பும் வண்டி அடுத்த சந்திப்பை அடையும்போது முன்னைவிட அதிக வேகத்தில் இருக்கும். நிற்கத் தேவைப்படும் தூரமோ வேகத்தின் இருமடிப்படி வளர்கிறது. பிரேக் பிடித்த பின்னர், 60 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரத்தைவிட 80 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரம் ஏறத்தாழ 78 விழுக்காடு கூடுதல். கிளம்புவதற்குப் பணம் செலவழித்தவர், நிற்பதற்கும் செலவழித்தாரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

நம் ஊர்களில் மஸ்டாங் காண்பது அரிது. ஆனால் இதே கணக்கு நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் சங்கிலியிலும் இருக்கிறது. முன் பல்சக்கரத்தில் 14 பற்களும் பின்னதில் 42 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பின்னதை 45 பல் உள்ளதாக மாற்றினால் இழுவை 7 விழுக்காடு கூடும். ஒவ்வொரு கியரின் வேகமும் அதற்கேற்பக் குறையும். ஆட்களையோ சுமையையோ ஏற்றி மலைப்பாதையில் செல்பவருக்கு இது பயன்படலாம். சமவெளிச் சாலையில் நண்பனை முந்துவதற்கு மட்டும் என்றால், எஞ்சினைக் காரணமின்றி அலறவிட்டதே மிச்சம்.

சட்டத்தையும் அறிந்துகொள்வது நன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று விதித்தது. ஆகவே எந்த மாற்றத்துக்கு முன்பும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

வேகத்தை விரும்புவது குற்றமா? அன்று. இளமைக்கு அது இயல்பு. அதற்கென ஓர் இடம் வேண்டும், அவ்வளவே. தெருக்களில் நடந்த போட்டிகளைத் தெருவிலிருந்து விலக்கிப் பாதுகாப்பான ஓடுகளத்துக்குக் கொண்டுவரும் நோக்கத்துடன், வாலி பார்க்ஸ் என்பவர் 1951-இல் கலிபோர்னியாவில் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். இளைஞரை அவர் விரட்டவில்லை. விதிகளும் பரிசோதனையும் உள்ள நேர்ப்பாதையைக் காட்டினார். நம் நாட்டிலும் சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இலும், கோவைக்கருகே செட்டிப்பாளையத்தில் 2003-இலும் ஓடுகளங்கள் அமைந்தன. அங்கே தலைக்கவசமும் பாதுகாப்பு வார்களும் உண்டு; குறுக்கே ஓடிவரும் பள்ளிக் குழந்தை இல்லை.

ஆகையால், பெற்றோரே, மகன் பல்சக்கரத்தைப் பற்றிக் கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்து அவனோடு அமருங்கள். "இப்போதைய விகிதம் என்ன? மாற்றினால் என்ன ஆகும்? டயர் தாங்குமா? பிரேக் தாங்குமா? சட்டம் இடம் தருமா? மாதச் சம்பளத்தில் எவ்வளவு போகும்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடைகளை அவனே கண்டுபிடிக்கட்டும். அவனுக்குத் தெரிந்ததை நீங்களும் கற்றுக்கொள்ளத் தயங்காதீர்கள். கணக்கு முழுவதையும் தானே எழுதிப் பார்த்தவன், பெரும்பாலும் முதலில் புதிய பிரேக் கட்டைகளையும் நல்ல டயரையும்தான் வாங்குவான். அப்படி வாங்கும் மகனை நம்பி, இரவு நேரத்திலும் சாவியைக் கையில் கொடுக்கலாம்.