வாடகை வீட்டில் ஏற்றிய கொடி

வீட்டுக்காரர் சரியில்லை என்று தெரிந்த பிறகும் அதே வீட்டில் குடியிருக்கலாமா? அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். "போகலாம்தான். எங்கே போவது? பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது. புது வீட்டுக்கு அட்வான்ஸ் யார் தருவார்கள்?" என்றுதான் பதில் வரும்.

சாதி ஒழிப்புக்கும், தொழிலாளர் உரிமைக்கும், மத நல்லிணக்கத்துக்கும் பாடுபடுகிறவர்கள் முன் இதே கேள்வி இன்று வேறு உருவத்தில் நிற்கிறது. அவர்கள் குடியிருக்கும் வீடுகளின் பெயர் ட்விட்டர், பேஸ்புக், வாட்ஸ்அப்.

ட்விட்டரை 2022 அக்டோபர் 27-ந் தேதி எலான் மஸ்க் என்ற அமெரிக்கப் பெரும் பணக்காரர் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு அதன் பெயரையே 'எக்ஸ்' என்று மாற்றினார். ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். வெறுப்புப் பேச்சுக்காக வெளியேற்றப்பட்டிருந்தவர்கள் பலர் திரும்பி வந்தனர். லண்டன் 'கார்டியன்' பத்திரிகை, தனது அதிகாரபூர்வக் கணக்குகளில் இனி எதுவும் வெளியிடுவதில்லை என்று 2024 நவம்பரில் அறிவித்து விலகிக் கொண்டது. நம் நாட்டு முற்போக்கு வட்டாரங்களிலும் அந்தக் குரல் கேட்கிறது. "அங்கே இருப்பதே தவறு, எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த முதலாளியின் கல்லாவில் விழும் காசு" என்கிறார்கள்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பத்திரிகையை வாசகர் விலை கொடுத்து வாங்குகிறார். இங்கோ, வாசகரின் கவனமே விளம்பரக்காரருக்கு விற்கப்படுகிறது. கோபம் மூண்டால் மனிதன் திரையை விட்டு நகரமாட்டான். ஆகவே கோபமூட்டும் பேச்சு முன்னால் வருகிறது. நிதானமான பேச்சு பின்னால் போகிறது. நல்லவர்கள் நாலு பேர் வந்து போவதால்தான் அந்தக் கடைக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்பதும் உண்மையே.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறு உச்சத்தில் இருந்தபோது, கன்னட நடிகர்களைக் கேலி செய்து பேஸ்புக்கில் எழுதினார் என்று ஒரு தமிழ் இளைஞரை இந்நகரில் சிலர் பிடித்து அடித்தார்கள். மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அடித்ததோடு விடவில்லை, அதைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். அந்தப் படம் தமிழ்நாடு போய்ச் சேர்ந்தது. அங்கே கன்னடர் ஒருவர் தாக்கப்பட்ட படம் இங்கே வந்து சேர்ந்தது. 12-ந் தேதி, ஒரே இடத்தில் நிறுத்தியிருந்த 40-க்கு மேற்பட்ட பஸ்கள் எரிந்தன. தமிழ்நாட்டு எண் பலகை கொண்ட வண்டிகளை மறைக்க இடம் தேடி அலைந்தவர்கள் அந்த நாளை மறக்கமாட்டார்கள். அதற்கு 4 ஆண்டுகள் முன்பு, 2012 ஆகஸ்டில், வெறும் குறுஞ்செய்தி வதந்தியை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் இந்நகரிலிருந்து ரெயில் ஏறியதும் நினைவிருக்கும். கருவி சின்னதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் பற்றுவது ஒரே நெருப்புத்தான்.

அப்படியானால் எல்லோரும் வெளியேறிவிட வேண்டியதுதானே? ஒரு முறை அதையும் செய்து பார்த்தார்கள்.

1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கப்பல் தளத்தில் எடுத்த ஒரு புகைப்படம் உலகப் பிரசித்தம். கூட்டம் முழுவதும் நாஜி வணக்கம் செலுத்த, ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தப் படத்தைத் தன் பக்கத்தில் வைத்திருந்த சுப்ரீம் கோர்ட்டு மூத்த வக்கீல் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை 2019 அக்டோபரில் ட்விட்டர் முடக்கியது. நாஜிகளை எதிர்த்த படம், நாஜிகளின் படமாகவே எண்ணப்பட்டது போலும்! சாதி பார்த்து நடந்து கொள்கிறது என்ற குற்றச்சாட்டும் அந்தச் சமயத்தில் ட்விட்டர் மீது எழுந்தது. கோபம் கொண்ட இந்தியர்கள் பலர் 'மாஸ்டோடான்' என்ற வேறொரு தளத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்குத் தனி முதலாளி கிடையாது. விரும்பியவர்கள் தாங்களே ஒரு கிளையை அமைத்து நடத்தலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் கொஞ்ச காலத்தில் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். காரணம் எளியது. புது வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஒத்த கருத்து உடையவர்கள். பதில் சொல்ல வேண்டிய அதிகாரியும், செய்தி எழுத வேண்டிய நிருபரும், மனம் மாற வேண்டிய அடுத்த வீட்டுக்காரரும் பழைய தெருவிலேயே இருந்தார்கள்.

'கார்டியன்' வெளியேறலாம். அதற்குச் சொந்த அச்சு உண்டு, சொந்த வாசகர் உண்டு. சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்த தொழிலாளியின் படத்தை, கலெக்டர் கண்ணில் பட வேண்டும் என்று போடும் ஒரு மாவட்டத்துத் தொண்டருக்கு என்ன உண்டு? பெரிய பெயர் உள்ளவர் விலகினால் அது செய்தி. இவர் விலகினால் அது வெறும் மௌனம். இழக்க ஒன்றுமில்லாதவர்கள், விலக முடியாதவர்களைப் பார்த்து 'துணை போகிறாய்' என்று பழி சொல்வது முறையல்ல என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இருக்கிறவர்கள் மீதும் குற்றம் உண்டு. அது வாடகை வீடு என்பதை அவர்கள் மறந்து விடுகிறார்கள். பதினைந்து ஆண்டு உழைப்பையும் தோழர்களின் தொடர்பையும் அங்கேயே கொட்டி வைக்கிறார்கள். ஒரு நாள் பூட்டு விழுந்தால், தங்கள் ஆதரவாளர் பத்துப் பேரின் விலாசம்கூடக் கையில் இராது.

டெல்லி எல்லையில் விவசாயிகள் போராடியபோது பூட்டு விழுந்தது. 2020 டிசம்பர் 20-ந் தேதி அவர்களது 'கிசான் ஏக்தா மோர்ச்சா' பேஸ்புக் பக்கம் மறைந்தது. சில மணி நேரத்தில் திரும்ப வந்தது. 2021 பிப்ரவரி 1-ந் தேதி, மத்திய அரசின் உத்தரவுப்படி சுமார் 250 ட்விட்டர் கணக்குகள் முடக்கப்பட்டன, அன்றே திறக்கப்பட்டன, பிறகு பல கணக்குகள் மறுபடியும் மூடப்பட்டன. அரசின் முடக்க ஆணைகள் சிலவற்றை எதிர்த்து ட்விட்டர் கம்பெனி கர்நாடக ஐகோர்ட்டுக்கு வந்தது. 2023 ஜூன் 30-ந் தேதி நீதிபதி கிருஷ்ணா தீட்சித் மனுவைத் தள்ளுபடி செய்து, கம்பெனி 50 லட்சம் ரூபாய் செலவுத் தொகை கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டார். விதான சவுதாவுக்கு எதிரே இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டிடத்தில் நடந்த வழக்கில் ஒரு பக்கம் வீட்டுக்காரர், மறுபக்கம் சர்க்கார். குடியிருந்தவர் கட்சிக்காரரே அல்ல!

விவசாயிகள் பிழைத்ததற்குக் காரணம், அவர்கள் அந்த வீட்டை மட்டும் நம்பவில்லை. 2020 டிசம்பரிலேயே 'டிராலி டைம்ஸ்' என்று பஞ்சாபியிலும் இந்தியிலும் ஒரு சிறு பத்திரிகை அச்சடித்து, டிராக்டர் டிராக்டராகக் கொடுத்தார்கள்.

இந்த வழி பெங்களூருக்குப் புதிதல்ல. 1980-ல் பி.லங்கேஷ் இங்கே 'லங்கேஷ் பத்ரிகே' வார இதழைத் தொடங்கியபோது விளம்பரமே வாங்குவதில்லை என்று முடிவு செய்தார். வாசகர் தரும் காசில் பத்திரிகை நடந்தது. யாருக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. அவர் மகள் கௌரி லங்கேஷ் தம் பெயரில் தனி வார இதழ் நடத்தினார். ட்விட்டரிலும் பேஸ்புக்கிலும் எழுதினார், வசை வாங்கினார், விலகவில்லை. 2017 செப்டம்பர் 5-ந் தேதி இரவு ராஜராஜேஸ்வரி நகரில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையைக் கொண்டாடிச் சிலர் எழுதியதும் அதே ட்விட்டரில்தான். அவரது உழைப்பின் பதிவு கம்பெனியின் கையில் மட்டும் தங்கிவிடவில்லை. அச்சேறிய இதழ்களாகவும் இருக்கிறது.

ஆகவே இருக்க வேண்டியவர்கள் இருக்கட்டும். நீலக் குறிக்கு மாதச் சந்தா கட்டி முதலாளிக்குக் கூடுதல் வருமானம் தர வேண்டியதில்லை. எதிரி எழுதிய நஞ்சை, 'பாருங்கள் இந்த அநியாயத்தை' என்று தாங்களே பத்தாயிரம் பேருக்குக் காட்ட வேண்டியதில்லை. 2016-ல் அந்தப் படங்களைப் பரப்பியவர்களில் பாதிப்பேர் நல்ல எண்ணத்தோடு பரப்பியவர்களாகவே இருந்திருப்பார்கள். போன் நம்பர்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பது பழைய பாணி என்று சிரிக்க வேண்டியதும் இல்லை.

திரையில் கூடுவதுதான் கூட்டம் என்று எண்ணுபவர்கள் ஓசூர் ரோட்டை நினைத்துப் பார்க்கலாம். பிராவிடண்ட் பண்டில் முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று 2016-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. ஏப்ரல் 18-ந் தேதி பொம்மனஹள்ளியில் தையல் ஆலைப் பெண்கள், எந்தச் சங்கத் தலைவரும் அழைக்காமல், ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். அன்று மாலையே அரசு அந்த விதியை வாபஸ் வாங்கியது.